சிறுவர் நூல்களால் பாலம் அமைத்த ஜெல்லா லெப்மன் அம்மையார்

கதைப் புத்தகம் என்றாலே நம் வீடுகளில் ஓர் இளக்காரம் உண்டு. பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்க வேண்டிய பொருளாகவே அது பெரும்பாலும் இருந்து வருகிறது. பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் கூறுவதைக் கேட்டுக் கேட்டு நாமும் அவ்வாறே எண்ணத் தலைப்பட்டுவிட்டோம். இத்தகைய கதைப் புத்தகங்களையே பல நாடுகளிலிருந்தும் திரட்டி, கற்றறிந்தோர் வந்து தங்கி ஆராயும்படியான ஒரு மாபெரும் நூலகத்துக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி என்று அறிந்தபோது எங்களுக்குப் பெருவியப்பு ஏற்பட்டது. தம்மை விரட்டிய நாட்டின் இடிபாடுகளுக்கு நடுவிலேயே அதனை அவர் அமைத்தார் என்று அறிந்தபோது அவ்வியப்பு இருமடங்காயிற்று. அவர்தாம் ஜெல்லா லெப்மன் அம்மையார். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எங்கள் தோழியருக்கு எடுத்துக் கூற விழைகிறோம்.

தென் ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட் நகரில் 1891-ஆம் ஆண்டு மே திங்கள் 15-ஆம் நாள் ஜெல்லா பிறந்தார். பெற்றோர் யூத சமயத்தினர். தந்தை ஒரு தொழிலதிபர். வீட்டில் செல்வத்துக்கும் புத்தகங்களுக்கும் குறைவில்லை. அரசி காத்தரீன் பெயரால் அந்நகரில் விளங்கிய பெண்கள் பள்ளியில் பயின்ற பின்னர், சுவிட்சர்லாந்தில் ஒரு விடுதிப் பள்ளியிலும் சிறிது காலம் படித்தார்.

அவருக்குப் பதினேழு வயதானபோது நிகழ்ந்த ஒரு செய்தியை இங்குக் குறிப்பிட வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் ஒரு புகையிலைத் தொழிற்சாலை இருந்தது. பிழைப்பு நாடி வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கு வேலை செய்தனர். பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, மொழியும் சரிவரத் தெரியாத அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. அப்பிள்ளைகளுக்காக ஜெல்லா பல மொழிப் புத்தகங்கள் கொண்ட ஒரு படிப்பகத்தைத் தொடங்கினார். நம்மில் மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவியரின் வயதுதான் அப்போது அவருக்கு. பிற்காலத்தில் அவர் செய்தவை அனைத்துக்கும் இச்சிறு படிப்பகமே முன்மாதிரி என்று நாங்கள் கருதுகிறோம். அயல்நாட்டுப் பிள்ளைகள், அவரவர் மொழியில் நூல்கள், கட்டணம் ஏதுமில்லாத ஓர் அறை. நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் அமைத்ததும் ஏறக்குறைய இதுதான்.

1913-இல் குஸ்தாவ் லெப்மன் என்பாரை மணந்தார். கணவர் ஜெர்மன் வழிவந்த அமெரிக்கர். தொழில் நடத்தி வந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்ந்து போரிட்டுக் காயமுற்ற அவர், அக்காயங்களின் விளைவாக 1922-இல் காலமானார். முப்பத்தோரு வயதிலேயே கைம்பெண்ணான ஜெல்லா, கையில் ஒரு பெண் குழந்தையும் ஓர் ஆண் குழந்தையுமாக நின்றார். அக்காலத்தில் ஜெர்மனியிலும் குடும்பப் பெண்கள் அலுவலகம் செல்வது அரிது. அவரோ தம் நகரின் செய்தித்தாள் ஒன்றில் எழுதத் தொடங்கி, அதன் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் என்ற நிலையை அடைந்தார். பெண்களுக்கென அத்தாளில் தனி இணைப்பு ஒன்றையும் தொடங்கி நடத்தினார். குழந்தைகளுக்கான கதையும் நாடகமும் எழுதினார். அரசியலிலும் ஈடுபட்டார். தம் காலில் நின்று பிள்ளைகளை வளர்த்துவந்த அவருடைய வாழ்வில் 1933-ஆம் ஆண்டு பேரிடியாக வந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்ற ஒரே காரணத்தால் ஜெல்லாவின் பணி பறிபோயிற்று. கணவர் ஜெர்மனிக்காகப் போரிட்டு உயிர் துறந்தவர் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மே திங்களில் பெர்லினிலும் ஏனைய பல்கலைக்கழக நகரங்களிலும் மாணவர்களே முன்னின்று நூல்களைத் தெருவில் குவித்து எரித்தனர். சிறுவர் நாவல்களால் புகழ்பெற்றிருந்த எரிக் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர், தம் நூல்கள் எரிவதைக் கூட்டத்தில் ஒருவராக நின்று தம் கண்களாலேயே கண்டார். இவர் பின்னர் நம் அம்மையாரின் உற்ற நண்பராக வருவார்.

எரிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை; எழுதவும் செய்தார்கள். குழந்தைகளுக்கென்றே வண்ணப் படங்களோடு நூல்கள் வெளியாயின. அவற்றுள் ஒன்று 1938-இல் வந்த நச்சுக் காளான் என்னும் நூல். தாயும் மகனும் காட்டில் காளான் பறிக்கச் செல்கிறார்கள். நல்ல காளானையும் நச்சுக் காளானையும் தாய் பிரித்துக் காட்டுகிறாள். பிறகு, மனிதரிலும் இவ்வாறு நச்சுக் காளான்கள் உண்டு என்று கூறி யூதர்களைச் சுட்டுகிறாள். பார்ப்பதற்கு மற்றப் படக் கதைகளைப் போலவே இருக்கும் புத்தகம். தாயின் வாய்மொழியாகவே நஞ்சு ஊட்டப்படுகிறது. இதனை வெளியிட்ட யூலியுஸ் ஸ்ட்ரைக்கர் என்பவன், போர் முடிந்த பின் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றான். சிறுவர் நூல்களை ஏன் ஆராய வேண்டும், அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு இந்த ஒரு நூலைக் காட்டினாலே போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாலைக் கூடச் சூடு பார்த்துத்தானே கொடுக்கிறோம்.

ஜெல்லா தம் இரு பிள்ளைகளுடன் நாட்டை விட்டு வெளியேறினார். இத்தாலி வழியாக 1936-இல் இங்கிலாந்தை அடைந்தார். வந்த இடத்தில் வாழ்க்கை எளிதாக இல்லை. ஆஸ்திரிய எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகள் ஹிட்லர் ஆட்சியினரின் கையில் சிக்காமல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் பி.பி.சி. வானொலிக்காகவும் பணியாற்றினார். ஹிட்லர் ஆட்சியில் பெண்கள் பட்ட பாட்டை விளக்கும் நூல் ஒன்றைப் புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதி 1943-இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றார். ஜெர்மனி இனி அவருக்கு அந்நிய நாடு.

1945-இல் போர் முடிந்தது. ஜெர்மனியின் ஒரு பகுதி அமெரிக்கப் படையின் ஆட்சிக்குள் வந்தது. பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் கல்வி, பண்பாட்டுத் துறைகளில் ஆலோசகராக வருமாறு அமெரிக்கப் படைத் தலைமையகம் ஜெல்லாவை அழைத்தது. அவர் உடனே சம்மதித்துவிடவில்லை. தம் இனத்தவர் இலட்சக் கணக்கில் கொல்லப்பட்ட மண்ணில் மீண்டும் கால் வைப்பதா என்று தயங்கினார். பெரியவர்களுக்காக என்றால் போயிருக்கவே மாட்டார்; குழந்தைகளை எண்ணித்தான் இசைந்தார். அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்கப் படையின் சீருடை அணிந்து, மேஜருக்கு இணையான தகுதியோடு விமானத்தில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர் கண்ட ஜெர்மனி அவர் விட்டுச் சென்ற ஜெர்மனி அல்ல. நகரங்கள் கற்குவியல்களாகக் கிடந்தன. கூரையற்ற வீடுகளின் நிலவறைகளில் குடும்பங்கள் ஒண்டியிருந்தன. தந்தையை இழந்த பிள்ளைகள், தாய் இருக்குமிடம் அறியாத பிள்ளைகள், உணவுக்கும் விறகுக்கும் தெருவில் அலையும் பிள்ளைகள் என எங்கும் காணப்பட்டனர். ஜீப் வண்டியில் ஊர் ஊராகச் சென்று அவர் இவற்றையெல்லாம் பார்த்தார். பள்ளிகளில் முந்தைய ஆட்சியின் பாடநூல்கள் விலக்கப்பட்டுவிட்டன. மாற்று நூல்கள் வந்தபாடில்லை. அச்சிடக் காகிதமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வெளியுலகிலிருந்து நல்ல நூல்களும் வரவில்லை. 1933-இல் பிறந்த ஒரு குழந்தை ஹிட்லர் அனுமதித்த நூல்களைத் தவிர வேறொன்றையும் பார்த்தறியாமல் பன்னிரண்டு வயதை அடைந்திருந்தது.

உலக நாடுகளிலிருந்து சிறுவர் நூல்களைத் திரட்டி இப்பிள்ளைகளின் கண் முன் வைக்க வேண்டும் என்பதே ஜெல்லாவின் திட்டம். ரொட்டி இல்லாத இடத்தில் புத்தகம் எதற்கு என்ற கேள்வி எழாமல் இல்லை. வெறும் வயிற்றோடு இருப்பவர்க்குக் கதை சொல்லிப் பயனில்லை என்பது நம் ஊரிலும் வழங்கும் நியாயந்தான். அம்மையார் உணவு வேண்டாம் என்று கூறவில்லை. உணவும் உடையும் வந்துகொண்டிருக்கும்போதே மனத்துக்கும் ஏதேனும் வந்துசேர வேண்டும், அதற்கு நாள் கடத்தினால் பழைய நஞ்சு அங்கேயே தங்கிவிடும் என்று வாதாடினார். இது சரியா என்பது பற்றி எங்களுக்குள்ளேயே சிறு விவாதம் நடந்தது. பட்டினி கிடந்தறியாத நாங்கள் தீர்ப்புச் சொல்வது எளிது என்று எங்களுள் ஒருத்தி கூறினாள். அதை மறுக்க எங்களால் இயலவில்லை.

பணம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே அவர் கடிதம் எழுதினார். இருபது நாடுகளுக்குக் கடிதங்கள் சென்றன. அவற்றுள் பல, ஓராண்டுக்கு முன்வரை ஜெர்மனியின் குண்டுகளுக்கும் படைகளுக்கும் இரையான நாடுகள். ஜெர்மன் குழந்தைகளுக்காக உங்கள் நாட்டின் சிறந்த சிறுவர் நூல்களை இலவசமாக அனுப்புங்கள் என்று அந்நாடுகளிடம் கேட்பது எத்தகைய துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். மொழி தெரியாத பிள்ளைகளும் பார்த்து மகிழலாம் என்பதால் படப் புத்தகங்களையும், அந்தந்த நாட்டுக் குழந்தைகள் வரைந்த ஓவியங்களையும் அவர் சிறப்பாக வேண்டினார்.

பத்தொன்பது நாடுகள் இசைந்தன. பெல்ஜியம் மட்டும் மறுத்துவிட்டது. 1914-இல் ஒருமுறையும் 1940-இல் மறுமுறையும் ஜெர்மன் படைகளால் நசுக்கப்பட்ட நாடு அது. அந்த மறுப்பில் குறை காண்பதற்கு எவருக்கும் மனம் வராது. ஜெல்லாவும் குறை கூறவில்லை, மறுபடியும் எழுதினார். இருமுறை படையெடுப்புக்கு ஆளான நாட்டுக்குத்தான் மூன்றாம் முறை அது நேராமல் இருப்பதில் மற்ற எவரையும்விட அக்கறை இருக்க வேண்டும், இப்போது நாம் பேசுவது இனி வளரப்போகும் பிள்ளைகளைப் பற்றி அல்லவா என்பது அக்கடிதத்தின் சாரம். பெல்ஜியத்திலிருந்தும் நூல்கள் வந்து சேர்ந்தன.

1946-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் மியூனிச் நகரில் அனைத்துலகச் சிறுவர் நூற் கண்காட்சி திறந்துவைக்கப்பட்டது. போருக்குப் பின் ஜெர்மனியில் நடைபெற்ற முதல் அனைத்துலகக் கண்காட்சிகளுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 4,000 நூல்கள் அங்கு இடம்பெற்றன. கண்காட்சி நடந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். தம் ஆட்சிக்கு உகந்த கலையை மட்டும் காட்டுவதற்கென்று ஹிட்லர் கட்டி, 1937-இல் தாமே திறந்துவைத்த கலைக்கூடம் அது. அதே கூடத்தில் இப்போது பிரெஞ்சுக் கதைகளும் ஆங்கிலக் கதைகளும் அமெரிக்கப் படப் புத்தகங்களும் வரிசையாக அடுக்கப்பட்டன. அதே மாநிலத்தின் நியூரம்பெர்க் நகரில் அந்நேரம் நச்சுக் காளானை வெளியிட்டவன் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

கண்காட்சி ஸ்டுட்கார்ட், பிராங்பர்ட், பெர்லின் ஆகிய நகரங்களுக்கும் சென்றது. ஸ்டுட்கார்ட் அவர் பிறந்த ஊர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிள்ளைகள் புத்தகங்களின் முன் நின்றுவிட்டு நகர மறுத்தனர். எடுத்துச் செல்லலாமா என்று கேட்டனர். கொடுப்பதற்கோ ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படிதான் இருந்தது. 1946-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், பெர்லினில் இக்குறையைத் தீர்க்க அம்மையார் ஒரு வழி கண்டார். சண்டையிட விரும்பாமல் மரத்தடியில் அமர்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும் பெர்டினாண்டு என்ற காளையைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் மன்ரோ லீஃப் 1936-இல் எழுதிய கதை ஒன்று உண்டு. ஹிட்லர் ஆட்சியினர் வெறுத்த கதை அது. அதனைத் தாமே ஒரே இரவில் ஜெர்மனில் மொழிபெயர்த்துச் செய்தித்தாள் காகிதத்தில் 30,000 படிகள் அச்சிடச் செய்து பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கினார். ஏரோதின் வாளுக்குத் தப்பி அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்த குழந்தையின் பிறந்தநாளுக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு இருக்க முடியுமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கண்காட்சி முடிந்தால் நூல்கள் பெட்டிக்குள் சென்றுவிடும். அவை நிலையாகத் தங்க ஓர் இடம் வேண்டும் என்று அம்மையார் உறுதி கொண்டார். 1948-இல் அமெரிக்கா சென்று ஆதரவு திரட்டினார். குடியரசுத் தலைவராக இருந்து மறைந்த ரூஸ்வெல்ட்டின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அவருக்குப் பெருந்துணையாக விளங்கினார். ராக்பெல்லர் நிறுவனம் பொருளுதவி செய்ய முன்வந்தது. அமெரிக்க நூலகச் சங்கமும் துணை நின்றது. அவ்வாறே 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், மியூனிச்சின் கவுல்பாக் தெருவில் ஒரு பழைய மாளிகையில் அனைத்துலக இளைஞர் நூலகம் திறக்கப்பட்டது. அதன் இயக்குநராக அம்மையாரே பொறுப்பேற்றார்.

இந்நூலகத்தில் பிள்ளைகள் தாமே அலமாரிக்குச் சென்று வேண்டிய நூலை எடுக்கலாம். இது நமக்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். கண்ணாடிக் கதவுக்கும் பூட்டுக்கும் பின்னால் இருக்கும் புத்தகத்தின் முதுகை மட்டும் பார்த்து ஏங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். அன்றைய ஜெர்மனியில் அது புதுமை. ஓவியம் தீட்ட ஓர் அறை இருந்தது, அயல்மொழி வகுப்புகள் நடந்தன, நாடகம் போட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையைப் போலப் பிள்ளைகள் கூடி விவாதிக்கும் மன்றமும் ஏற்பட்டது. அனைத்திலும் மேலாக, ஒரு நூலைப் படித்தபின் அது நன்றா, நன்றன்றா, ஏன் என்று பிள்ளைகளிடமே கருத்துக் கேட்கப்பட்டது. சிறுவர் நூல்களைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுகிறார்கள், பெரியவர்கள் வாங்குகிறார்கள், பெரியவர்களே பரிசும் கொடுக்கிறார்கள். படிப்பவரைக் கேட்போர் யார்? அம்மையார் கேட்டார். மேல்மாடியில் அறிஞர்கள் நூல்களை ஒப்பிட்டு ஆராய, கீழே பிள்ளைகள் அதே நூல்களைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற வகையில் அவ்வில்லத்தை அவர் நடத்த முயன்றார்.

எரிக் கெஸ்ட்னர் அப்போது மியூனிச்சில் வாழ்ந்து வந்தார். மாநாட்டுக்கு மேல் மாநாடு கூட்டியும் மனிதரால் அமைதி காண முடியவில்லை. குழந்தைகளின் பொருட்டு விலங்குகளே ஒரு மாநாடு கூட்டினால் எப்படி இருக்கும் என்ற கருத்தை ஜெல்லா அவரிடம் தெரிவித்தார். அதனைக் கெஸ்ட்னர் கதையாக்க, நாடு துறந்து கனடாவில் வாழ்ந்த வால்டர் ட்ரையர் படங்கள் வரைய, 1949-இல் விலங்குகளின் மாநாடு என்னும் நூல் வெளிவந்தது. தம் பெயர் அட்டையில் பெரிதாக வரவில்லை என்று அம்மையார் வருந்தியதாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

இவ்வாறெல்லாம் கூறுவதால் அவரைச் சாந்தமே உருவான மூதாட்டியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பிடிவாதக்காரர். இல்லை என்ற விடையை ஏற்காதவர். அலுவலகக் கோப்புகள் நகரவில்லை என்றால் தளபதிகளின் அறைக்கே நேரில் சென்றுவிடுவார். அத்தகையவரோடு வேலை செய்வது எல்லாருக்கும் எளிதாக இருந்திருக்காது. ஆனால் இசைவானவர்கள் எவரேனும் அந்த நாளில் பெல்ஜியத்துக்கு இரண்டாம் கடிதம் எழுதியிருப்பார்களா என்றும் எண்ணிப் பார்க்கிறோம்.

1951-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் மியூனிச்சில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பல நாட்டு எழுத்தாளர், பதிப்பாளர், ஆசிரியர், நூலகர் ஒன்றுகூடினர். ஸ்பெயின் நாட்டு மெய்யியலறிஞர் ஒர்த்தேகா இ காசெத் அதில் உரையாற்றினார். சிறுவர் நூல்களைப் பற்றிப் பேச ஒரு மெய்யியலறிஞரை அழைத்ததிலேயே அம்மையாரின் நோக்கம் விளங்குகிறது. அம்மாநாட்டில் பிறந்த எண்ணத்தின்படி 1953-இல் சூரிக் நகரில் இளையோர் நூல்களுக்கான அனைத்துலகக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அக்கழகம் 1956 முதல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை வழங்கி வருகிறது. முதல் விருது இங்கிலாந்தின் எலினார் பார்ஜியனுக்குக் கிடைத்தது. 1958-இல் ஸ்வீடன் நாட்டு ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன், 1960-இல் கெஸ்ட்னர். ஒருகாலத்தில் நூல்கள் எரிக்கப்பட்டவருக்கு அந்த விருது கிடைத்தபோது அம்மையார் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! 1957-இல் புக்பேர்டு என்னும் இதழும் தொடங்கப்பட்டது. எந்த நாட்டில் என்ன சிறுவர் நூல் வந்திருக்கிறது, அதன் தரம் யாது என்பதை ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் அறிவிக்க அது வழி செய்தது. ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2-ஆம் நாளை அனைத்துலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1967-இல் ஏற்பட்டது.

சிறுவர் நூல்களைக் கற்றறிந்தோர் நோக்கில் ஆராய்வது அவருக்கு முன்பே தொடங்கியதுதான். பிரெஞ்சு அறிஞர் பால் அசார் 1932-இலேயே இப்பொருள் பற்றி ஒரு சிறந்த நூலை எழுதினார். எல்லா நாட்டுக் குழந்தைகளும் நூல்களின் வழியே ஒரே குடியரசின் குடிமக்கள் ஆகிறார்கள் என்பது அவர் கனவு. அவர் நூல் எழுதினார். ஆனால் ஆய்வுக்குரிய நூல்கள் எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தானே பிறரும் தொடர்ந்து ஆராய முடியும்? சிறுவர் நூலை எவரும் போற்றிப் பாதுகாப்பதில்லை. கிழியும் வரை படிப்பார்கள், பிறகு எறிந்துவிடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய காவியத்தின் படி கிடைக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய படக் கதையின் படி கிடைக்காது. அம்மையார் செய்த பேருதவி, அவற்றைச் சேர்த்து வைத்ததே.

பிற்கால ஆய்வாளர் சிலர் அவருடைய நம்பிக்கையையே ஐயுற்றனர் என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். அயல்நாட்டுக் கதையைப் படித்தவுடன் பகை மறைந்துவிடுமா? உலகக் குழந்தைகள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் என்று கூறுவது, வறுமையையும் போரையும் சாதி இன வேற்றுமையையும் காணாமல் விடுவதாகாதா? எந்தெந்த மொழி நூல்கள் பிற மொழிகளுக்குச் செல்கின்றன, எவை செல்வதில்லை? இவை நல்ல கேள்விகள். தமிழில் மொழிபெயர்ந்து நாம் படித்த ஐரோப்பியக் கதைகளையும், ஐரோப்பியப் பிள்ளைகள் படித்த தமிழ்க் கதைகளையும் எண்ணிப் பார்த்தால் மூன்றாம் கேள்வியின் கூர்மை நமக்கும் உறைக்கும். இக்கேள்விகளைக் கேட்ட ஆய்வாளர்கள் அவற்றுக்குரிய சான்றுகளைத் தேடிச் சென்ற இடங்களுள் அம்மையாரின் நூலகமும் ஒன்று.

1957-இல் நூலகப் பொறுப்பிலிருந்து விலகி அம்மையார் சூரிக் நகரில் குடியேறினார். ஓய்ந்திருக்கவில்லை. பல நாட்டுக் கதைகளைத் தொகுத்து, குழந்தைகள் உறங்கும் வேளையில் படித்துக்காட்டும் வகையில் தொகுதிகளாக வெளியிட்டார். தம் அனுபவங்களைச் சிறுவர் நூற் பாலம் என்னும் பொருள்படும் தலைப்பில் 1964-இல் நூலாக எழுதினார். 1970-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் தம் எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்.

அதே 1970-இல் சிறுவர் இலக்கியத்துக்கான அனைத்துலக ஆய்வுக் கழகம் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டு பிராங்பர்ட்டில் அறிஞர்கள் கூடிய கருத்தரங்கில் இதற்கான எண்ணம் உருவாயிற்று. பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தில் 1963 முதலே இளையோர் நூல் ஆய்வுக்கென ஒரு தனி நிறுவனம் இருந்து வந்தது. 1946-இல் அம்மையார் பெட்டி பெட்டியாக நூல்களை ஏற்றிக்கொண்டு கண்காட்சி நடத்தச் சென்ற அதே பிராங்பர்ட்தான் அது. நம் நாட்டில், ஓவியர் சங்கர் 1981-இல் தில்லியில் நிறுவிய சிறுவர் எழுத்தாளர், ஓவியர் சங்கம், சூரிக்கில் தோன்றிய கழகத்தின் இந்தியக் கிளையாக விளங்குகிறது.

கவுல்பாக் தெரு மாளிகையில் இடம் போதாமற் போகவே, 1983-இல் நூலகம் மியூனிச்சின் மேற்கு ஓரத்தில் உள்ள புளூட்டன்பர்க் என்னும் பழைய கோட்டைக்கு மாற்றப்பட்டது. நீர் சூழ்ந்த அக்கோட்டையில் 1488-இல் கட்டப்பட்ட சிற்றாலயம் ஒன்று உண்டு. யான் பொலாக் என்ற ஓவியர் தீட்டிய பீடப் படங்கள் இன்றும் அங்கு இருக்கின்றன. ஆலயத்துக்கு எதிரே உள்ள முற்றத்தின் அடியில் நிலவறைகள் தோண்டி, அங்கே நூல்களை அடுக்கியிருக்கிறார்கள். இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான நூல்கள். ஒவ்வோர் ஆண்டும் பல நாட்டு ஆய்வாளர்கள் உதவித்தொகை பெற்று வந்து தங்கி அவற்றைப் படிக்கிறார்கள். அதே கோட்டையில் குழந்தைகளுக்கென ஒரு படிப்பகமும் திறந்திருக்கிறது. அங்கே அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை.